டகோட்டா முதல் இலியூஷின் வரை: சுமை தூக்கிய ஸ்குவாட்ரன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விமானப்படை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது சண்டை விமானம்தான். மிக், மிராஜ், சுகோய் என்று மூச்சு விடாமல் பெயர் சொல்லும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறேன். சுமை ஏற்றும் ஆன்டனோவ் விமானத்தின் பெயரைச் சொன்ன சிறுவனை இன்னும் பார்க்கவில்லை. அவனைக் குறை சொல்வதற்கில்லை. விமானப்படையின் பிரிவான ஸ்குவாட்ரனின் வரலாற்றை எழுதும் பெரியவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். எதிரி விமானத்தை வீழ்த்திய கதைக்கு ஓர் அத்தியாயம். அரிசியும் மண்ணெண்ணெயும் வெடிமருந்தும் கொண்டுபோய் இறக்கிய கதைக்கு ஒரு பத்தி. எனக்கு அதில் சம்மதமில்லை. நம் வடக்கு எல்லையில் ராணுவத்தால் எங்கே காலூன்ற முடிந்தது, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பதைப் பெருமளவு தீர்மானித்தவை சுமை தூக்கிய ஸ்குவாட்ரன்களே என்பது என் கட்சி.

1947 அக்டோபருக்குப் போவோம். பிரிவினையில் படைகளைப் பங்கு போட்டபோது இந்தியாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு போக்குவரத்து ஸ்குவாட்ரன். அதன் எண் 12. 1945 டிசம்பரில் கோஹாட்டில் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்களுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் டகோட்டா என்ற போக்குவரத்து விமானத்துக்கு மாறிய பிரிவு அது. அக்டோபர் 26 அன்று காஷ்மீர் மகாராஜா இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவியவர்கள் அதற்குள் பாராமுல்லாவுக்கு வந்துவிட்டார்கள். ஸ்ரீநகர் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மறுநாள் காலையிலேயே டெல்லியிலிருந்து டகோட்டாக்கள் கிளம்பின. உள்ளே இருந்தவர்கள் சீக்கிய ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். தலைமை லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய்.

ஸ்ரீநகர் விமானத்தளம் இன்னும் நம் கையில் இருக்கிறதா என்பது விமானத்தில் ஏறியவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. மேலே வட்டமடித்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் இறங்காமல் ஜம்முவுக்குத் திரும்புங்கள் என்றுதான் உத்தரவு. இறங்கினார்கள். மண் ஓடுபாதை, ஒவ்வொரு விமானமும் கிளப்பும் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு ஸ்குவாட்ரனால் மட்டும் முடிகிற வேலை இல்லை என்பதால் தனியார் விமான நிறுவனங்களின் டகோட்டாக்களையும் பிடித்து, பயணிகளுக்கான சொகுசு இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீரர்களை ஏற்றினார்கள். ரஞ்சித் ராய் அன்றைக்கே பாராமுல்லா அருகே போரில் உயிரிழந்தார். ஸ்ரீநகர் வீழவில்லை.

அடுத்த கட்டம் பூஞ்ச். சுற்றி வளைக்கப்பட்ட ஊர். உள்ளே காவல் படை, அதோடு ஆயிரக்கணக்கான அகதிகள். தரைவழியே உதவி போய்ச் சேர 1948 நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை, ஏறத்தாழ ஓராண்டு, வானம்தான் வழி. படைவீரர்களும் அகதிகளும் சேர்ந்து மலைகளுக்கு நடுவே ஒரு சிறு ஓடுபாதையைச் சமன்செய்தார்கள். 1947 டிசம்பரில் அதில் முதல் டகோட்டாவை இறக்கியவர் ஏர் கமடோர் மேஹர் சிங். பிறகு பீரங்கிகள்கூட அந்த வழியாகத்தான் போயின. திரும்பும் விமானங்களில் அகதிகள் வந்தார்கள். இரவில் அதே டகோட்டாவின் கதவு வழியாகக் குண்டுகளை உருட்டித் தள்ளி, சுற்றியிருந்த எதிரிகளைத் தாக்கியதும் நடந்தது. போக்குவரத்து விமானம் குண்டுவீச்சு விமானமாக மாறுவது நம் படையில் இத்தோடு முடியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேஹர் சிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் பர்மா போர்முனையில் 6-ஆம் ஸ்குவாட்ரனை நடத்தி டிஎஸ்ஓ என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர். படைக்குள் எல்லோருக்கும் அவர் ‘பாபா’. பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய குரூப்பின் தலைவராக இருந்தவர் மேசையில் உட்கார்ந்து உத்தரவு போட்டிருக்கலாம். ஆபத்தான இறக்கம் எதுவானாலும் முதல் விமானத்தைத் தானே ஓட்டினார். 1948 மே மாதம் கார்கில் கைவிட்டுப் போக, லடாக்கின் லே நகரத்துக்கான சாலை அடைபட்டது. லேயில் ஓடுபாதை அமைத்தவர் உள்ளூர்ப் பொறியாளர் சோனம் நோர்பு. உள்ளூர் மக்களின் கையுழைப்பு அது. உயரம் 3,200 மீட்டருக்கும் மேல். மே 24 அன்று மேஹர் சிங் தரைப்படைத் தளபதி மேஜர் ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பனிமலைத் தொடர்களைத் தாண்டி அங்கே இறங்கினார்.

டகோட்டாவின் உட்புறக் காற்றழுத்தத்தைச் சீராக வைக்க எந்த ஏற்பாடும் கிடையாது. வழி காட்டச் சரியான வரைபடமும் இல்லை. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். இறக்கைக்குத் தாங்கும் வலு குறையும். என்ஜினின் இழுவையும் குறையும். அதே விமானம் இறங்க அதிக வேகம் வேண்டும், நிற்க அதிக நீளம் வேண்டும். சமவெளியில் சர்வசாதாரணமாக ஏற்றும் எடையை அங்கே ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும் என்பதால் இமயமலைத் தளங்களில் வேலையெல்லாம் காலையிலேயே. கடுங்குளிரில் அணைத்த என்ஜின் மறுபடி உயிர்பெறுமா என்ற பயத்தில், அதை ஓடவிட்டபடியே சரக்கை இறக்குவதும் உண்டு. திம்மையாவைத் தொடர்ந்து கூர்க்கா வீரர்கள் விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். லே தப்பியது. மேஹர் சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பிறகு அவர் படையை விட்டு விலகினார். 1952-இல் மோசமான வானிலையில் விமான விபத்தில் இறந்தார்.

லேயோடு நிற்கவில்லை. காரகோரம் கணவாயை ஒட்டிய தௌலத் பேக் ஓல்டி 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். 1962 ஜூலையில் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே பேக்கெட் என்ற போக்குவரத்து விமானம் ஒன்றை அங்கே இறக்கினார். பின்னர் நீண்ட காலம் அந்தத் தளம் பயன்படாமல் கிடந்து, 2008-இல் ஆன்டனோவ் வகையான ஏஎன்-32 இறங்கியது. 2013-இல் சி-130 என்ற போக்குவரத்து விமானம் இறங்கியது.

1962 சீனப் போரில் இன்னொரு வேலை 44-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. அது தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கையில் சோவியத் ஆன்டனோவ் ஏஎன்-12. அக்டோபர் கடைசியில் சண்டிகரிலிருந்து லடாக்கின் சுஷூலுக்கு ஆறு ஏஎம்எக்ஸ்-13 டாங்குகளைக் கொண்டுபோனார்கள். டாங்கின் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் விமானத்தின் தரை தாங்காது. மரப்பலகைகளைப் பரப்பி எடையைப் பகிர்ந்தார்கள். இந்தப் பலகை விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பலகையை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்ட கைகளுக்கு எந்த வரலாற்றிலும் பெயரில்லை.

1971 பாகிஸ்தான் போரில் அதே 44-ஆம் ஸ்குவாட்ரன் ஏஎன்-12-இன் பின்வாசல் வழியாகக் குண்டுகளை உருட்டிவிடும் வித்தையைக் கற்றுக்கொண்டது. போர் தொடங்கிய இரவே விங் கமாண்டர் வசிஷ்டின் தலைமையில் பாகிஸ்தானின் சாங்கா மாங்கா காட்டிலிருந்த வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கியது. டிசம்பர் 11 அன்று இன்றைய வங்கதேசத்தின் டாங்காயிலில் பாராசூட் பட்டாலியன் குதித்ததும் பேக்கெட், டகோட்டா, ஏஎன்-12 எல்லாம் கலந்த போக்குவரத்துக் கூட்டத்திலிருந்துதான். 1988 நவம்பர் 3 இரவு, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க மாலத்தீவின் ஹுல்ஹுலே தளத்தில் ஆக்ராவிலிருந்து பறந்துவந்து இறங்கிய இரண்டு இலியூஷின் ஐஎல்-76 விமானங்களும் 44-ஐச் சேர்ந்தவையே. இவற்றைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், அதனால் நான் நீட்டவில்லை.

எழுதப்படாத பகுதி வேறு. சண்டை ஸ்குவாட்ரனின் வரலாற்றில் போர் ஆண்டுகள் தடிமனாக இருக்கும், மற்றவை மெலிந்திருக்கும். போக்குவரத்து ஸ்குவாட்ரனுக்கு அப்படிப் பிரிக்க முடியாது. மலைமுகட்டில் இருக்கும் காவல் நிலைக்கு வருடம் முழுவதும் சாப்பாடு போக வேண்டும். இழப்புகளும் அப்படித்தான் வந்தன. 1968 பிப்ரவரி 7 அன்று 102 பேருடன் சண்டிகரிலிருந்து லேக்குப் போன ஏஎன்-12, வானிலை மோசமாகித் திரும்பும் வழியில் மறைந்தது. அப்போது போர் எதுவும் இல்லை. 2003-இல் மலையேறுபவர்கள் கண்ணில் அதன் எச்சங்கள் பட்டன. 2024 செப்டம்பரிலும் நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32, சூலூரின் 33-ஆம் ஸ்குவாட்ரனுடையது. வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடப்பதைச் சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி படமெடுத்த செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது.

இந்த விமானங்களில் போனவர்களில் விமானி அல்லாதவர்களே அதிகம். பறக்கும் பொறியாளர், சரக்கைச் சமன்பார்த்து ஏற்றும் லோட்மாஸ்டர், விடுமுறை முடிந்து திரும்பும் சிப்பாய். தரையில் நின்று என்ஜினைப் பிரித்துக் கோத்த ஏர்மேன்களைச் சேர்த்தால் கணக்கு பல மடங்காகும். அவர்களில் கணிசமானோர் தாம்பரத்தில் பயிற்சி பெற்றவர்கள். ஓய்வுக்குப் பின் நம் ஊர்களில் வாழ்கிறவர்கள். இந்த உரையை இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். ஐயா, அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதக்கம் வாங்கியதைத்தான் எழுத வேண்டும் என்றில்லை. உறைபனியில் எண்ணெய் கெட்டியானபோது என்ன செய்தீர்கள், உதிரிபாகம் வராத வாரத்தில் எந்த விமானத்திலிருந்து எதைக் கழற்றி எதில் மாட்டினீர்கள், எடைக்கணக்குத் தப்பிய நாளில் யார் கண்டுபிடித்தார்கள், இவற்றை எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையின் கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஸ்குவாட்ரன் எண்ணையும் ஆண்டையும் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.