50 நாள் 21 ஆன கதை: டீமின் உண்மையான கெப்பாசிட்டி

[திரையில்: சென்னையில் ஒரு மென்பொருள் டீம். ஜனவரி காலண்டர்.]

ஐந்து பேர், இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது திட்டமிட்ட வேலையை முடிக்க வைத்திருக்கும் ஒரு சுற்று. ஆளுக்கு 10 வேலை நாள், ஆக மொத்தம் 50. பிளானிங் மீட்டிங்கில் பெரும்பாலும் இந்த 50-ஐ நம்பித்தான் வேலையை ஏற்றுவார்கள்.

[திரையில்: 50 என்ற எண் இறங்குகிறது.]

கழிக்க ஆரம்பிப்போம். பொங்கலுக்கு மூன்று நாள் லீவு என்றால் ஐந்து பேருக்கும் சேர்த்து 15 போய்விட்டது. மீதி 35. வாடிக்கையாளர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது லைவில் வரும் பிரச்சினைகளைப் பார்க்க முறை வைத்து ஒருவர் உட்கார வேண்டும். அவருடைய 7 நாளும் போக 28. அப்புறம் மீட்டிங், மெயில், மற்றவர் எழுதிய புரோகிராமை ரிவ்யூ செய்வது. எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் இதிலேயே கரையும். கால்வாசியைக் கழித்தால் நிற்பது 21. ஊருக்குப் போகிறவர் லீவோடு இரண்டு நாள் சேர்த்துப் போட்டால் இன்னும் குறையும். போடத்தான் போகிறார்; ரயில் டிக்கெட்டை நவம்பரிலேயே எடுத்திருப்பார்!

சரி, அந்த 21 நாளையாவது இடைவெளி இல்லாமல் நிரப்பிவிடலாமா?

[திரையில்: மெல்ல ஏறி, திடீரென்று செங்குத்தாக எழும் கோடு.]

கோபன்ஹேகன் டெலிபோன் நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், 1909-ல் அழைப்புகளை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்ததுதான், வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிடும் வரிசைக் கோட்பாடு. அதன் எளிய மாடலைப் பாருங்கள். ஒரு வேலைக்குச் சராசரியாக ஒரு நாள் ஆகிறது. செய்பவருக்குப் பாதி நேரம்தான் வேலை என்றால், புதிதாக வரும் வேலை சராசரியாக 1 நாள் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 4 நாள். 90 என்றால் 9 நாள். 95 என்றால் 19!

நிஜ டீமில் எண்கள் அச்சாக இப்படி வராது, ஆனால் கோடு இப்படித்தான் எகிறும். ஒரு வேலை அரை நாளில் முடியும், இன்னொன்று மூன்று நாள் இழுக்கும். மூச்சுவிட நேரமில்லாதவரால் அந்த இழுவையைச் சமாளிக்க முடியாது.

[திரையில்: போர்டு. ஒருவர் பெயரில் இரண்டே கார்டு.]

டேட்டாபேஸ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். வேலைக்கு ஒரு கார்டு என்று வைக்கும் போர்டைப் பார்த்தால் சும்மா இருப்பதுபோல் தெரியும். ஆனால் "ப்ரோ, ஒரு நிமிஷம் இதப் பாருங்களேன்" என்று காலையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். கார்டை எண்ணிச் சுமையை அளப்பவர்கள் மூன்றாவது கார்டையும் இவர் தலையிலேயே கட்டுவார்கள். அரை மணிக்கு மேல் போகும் உதவிக்கும் ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் எல்லாம் யாரிடம் போய்க் குவிகிறது என்பது தெரிந்துவிடும். அவர் வேலையை அப்படியே பிரித்துக் கொடுத்தால் கேள்வியோடு அவரிடமே திரும்பி வரும். முதலில் ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்க வேண்டும். அந்த நேரத்தையும் 21-லிருந்துதான் கழிக்க வேண்டும்.

கையில் எடுக்கும் வேலைக்கும் உச்சவரம்பு வையுங்கள். டீம் வாரத்துக்கு 3 வேலை முடிக்கிறது, 12 பாதியில் நிற்கிறது என்றால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக 4 வாரம் ஆகும். நடுவில் மேனேஜர் அவசரமாக இன்னொன்று கொண்டுவந்தால் முடியாது என்று சொல்லத் தேவையில்லை. போர்டைத் திறந்து, "சார், இதுல எத இறக்கி வைக்கட்டும்?" என்று கேளுங்கள். அவர் காட்டும் கார்டை அவர் கண்முன்னாலேயே நகர்த்திவிடுங்கள்.