‘வேண்டாம்’ என்று விழுந்த ஓட்டு

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் போர் வரலாறு என்றதும் கல்லிப்போலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கரையில் இறங்கினார்கள், டிசம்பரில் திரும்பினார்கள். இடையில் 8,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் மாண்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் விடியும் முன்பே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். செலுத்தட்டும். ஆனால் அதே போரின்போது, ஆண்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கலாமா என்று அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. அதற்கு இந்த அளவு மரியாதை கிடைப்பதில்லை. அதனால் இன்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

அப்போது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சம்கூட இல்லை. அதில் 4 லட்சத்துக்கும் அதிகமான ஆண்கள் முதல் உலகப் போரில் படையில் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் தாங்களாக வந்து பெயர் கொடுத்தவர்கள். 1903-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டாயமாகச் சேர்த்த ஆளைக் கடல் கடந்து அனுப்பவே முடியாது. 1915 ஜூலையில் மட்டும் 36,575 பேர் சேர்ந்தார்கள். அப்புறம் வரத்து குறைந்தது. குறைந்தபட்ச உயரம் முதலில் 5 அடி 6 அங்குலம். அதை 5 அடி 2 அங்குலமாக்கினார்கள், கடைசியில் 5 அடிக்கே இறங்கினார்கள்.

1916 ஜூலையில் பிரான்சின் ஃப்ரோமெல் என்ற ஊரில், ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர்கள் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அடுத்து போசியேர். அங்கே ஆறேழு வாரங்களில் ஏறத்தாழ 23,000 பேர். இந்த இடத்தை நிரப்ப ஆள் எங்கே?

பிரதமர் பில்லி ஹியூஸ், தொழிற்கட்சிக்காரர், தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். லண்டனுக்குப் போய்விட்டு வந்து, கட்டாயமாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்றார். சட்டம் கொண்டுவரலாம் என்றால் செனட்டில் அவர் கட்சிக்காரர்களே விடமாட்டார்கள். சரி, மக்களிடமே கேட்டுவிடலாம் என்று முடிவுசெய்தார். ஜனநாயகப் பாசம் என்பதைவிட, வேறு வழியில்லை என்பதுதான் உண்மை.

1916 அக்டோபர் 28. வேண்டும் என்றவர்கள் 10,87,557. வேண்டாம் என்றவர்கள் 11,60,033. தோற்றுப்போனார் ஹியூஸ்.

இதில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைப்பது இன்னொரு கணக்கு. படையில் இருந்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள். 72,399 பேர் வேண்டும் என்றார்கள், 58,894 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு பெரிய அலையையே எதிர்பார்த்திருந்தார் ஹியூஸ். குண்டு விழும் இடத்தில், துணைக்கு ஆள் வந்தால் தன் சுமை குறையும் என்று தெரிந்தவன் எதற்காக வேண்டாம் என்கிறான்? நான் விரும்பி வந்தேன், விருப்பமில்லாதவனை இந்த நரகத்துக்கு இழுக்காதே என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. இவர்களைக் கோழை என்று எவனும் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்தியாவது ஆள் பிடிக்கலாமா என்று கேட்ட அதே அரசு, தானாக வந்த பூர்வகுடி இளைஞர்களை ஐரோப்பிய வம்சம் இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 1917-இல்தான் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதையும் மீறி 1,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடியினர் அந்தப் போரில் இருந்திருக்கிறார்கள்.

ஹியூஸ் விடவில்லை. சொந்தக் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறி, 1917 தேர்தலில் எதிர்க்கட்சியினரோடு கூடி வென்று, மறுபடியும் மக்களிடம் வந்தார். மெல்போர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸ் எதிர்த்துப் பேசினார். அயர்லாந்துக்காரர் அவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916-இல் அயர்லாந்தில் எழுந்த டப்ளின் கிளர்ச்சியை பிரிட்டன் நசுக்கிய விதம் ஐரிஷ் மக்களின் மனதில் ஆறாமல் இருந்த காலம். குவீன்ஸ்லாந்தின் வார்விக் ரயில் நிலையத்தில் ஒருவர் பிரதமர் மீது முட்டையை வீசினார். அவரைக் கைதுசெய் என்று ஹியூஸ் கத்த, மாநிலப் போலீஸ்காரர் முடியாது என்றுவிட்டார். அந்த ஆத்திரத்தில்தான் ஹியூஸ் மத்திய அரசுக்கென்று தனிப் போலீசையே உண்டாக்கினார். ஒரு முட்டையால் ஒரு துறை!

1917 டிசம்பர் 20-இல் தோல்வி இன்னும் பெரிதானது. வித்தியாசம் 1,66,588 ஓட்டுகள். தோற்றால் ராஜினாமா என்று சொல்லியிருந்தார், செய்தார். வேறு யாராலும் ஆட்சி அமைக்க முடியாததால் அவரே மறுபடியும் பிரதமரானார்.

இப்போது ஜான் கர்ட்டினிடம் வருவோம். 1916-இல் கட்டாயச் சேவையை எதிர்த்து மேடை மேடையாகப் பேசியவர், அழைப்பாணையை மதிக்காததற்காகச் சிறைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் அவர்தான் பிரதமர். 1942-இல், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பப்புவாவின் கொக்கோடா மலைப்பாதையில் ஜப்பானியரைத் தடுத்தவர்களில், போதிய பயிற்சி இல்லாத, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களையும் கொண்ட உள்நாட்டுப் படைப் பிரிவினரும் இருந்தார்கள். வெயில் பட்டால் உருகும் ‘சாக்லேட் சிப்பாய்கள்’ என்று கேலிக்கு ஆளானவர்கள். பப்புவா அன்று ஆஸ்திரேலிய நிலப்பகுதி, அதனால் சட்டப்படி அனுப்ப முடிந்தது. அதற்கு அப்பால் முடியாது. ஆனால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அமெரிக்க இளைஞர்களோ ஆஸ்திரேலியாவைக் காக்கக் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். 1943 பிப்ரவரியில் கர்ட்டின் சட்டத்தைத் திருத்தினார், தென்மேற்குப் பசிபிக்கில் பூமத்திய ரேகை வரை அனுப்பலாம் என்று. துரோகி என்ற பேச்சும் வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரி வாசலுக்கே வந்துவிட்ட நேரத்தில்கூட, எதுவரை என்று ஒரு கோடு போட்டுத்தான் அந்த மனிதர் கொடுத்தார்.

அந்தத் தயக்கம் 1964-இல் இல்லை. பிரதமர் மென்சீஸ் கட்டாயச் சேவையை அறிவித்தார், யாரிடமும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. 20 வயது இளைஞர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பிறந்த தேதிகளுக்கான கோலிக்குண்டுகளை லாட்டரிப் பீப்பாயில் போட்டுக் குலுக்கினார்கள். உங்கள் தேதி வந்தால், பயிற்சி முகாம். 63,735 பேர் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 15,000-க்கும் மேற்பட்டோர் வியட்நாமுக்குப் போனார்கள், ஏறத்தாழ 200 பேர் உயிரோடு திரும்பவில்லை. தாய்மார்கள் சங்கம் அமைத்துத் தெருவுக்கு வந்தார்கள். 1970 மே மாதம் மெல்போர்னில் பல பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள்.

அந்த ஆண்டுகளில் ஓட்டுரிமை வயது 21. பீப்பாயில் தேதி விழுந்த பையனுக்குத் தன்னை அனுப்பும் அரசைத் தேர்ந்தெடுக்கவோ கவிழ்க்கவோ உரிமை கிடையாது. 1972 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த விட்லம், வந்த வேகத்தில் கட்டாயச் சேவையை நிறுத்தினார், மறுத்துச் சிறையில் இருந்தவர்களை வெளியே விட்டார். மறு ஆண்டு ஓட்டு வயது 18 ஆனது. நன்றி.