இரண்டு தோணியில் கால் வைக்கலாமா?

சரி, இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவேயில்லை. களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். வந்தாறுமூலைக் கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) இரண்டாம் வருடம், புவியியல் படிக்கிறார். கதை எழுத ஆசை. தமிழ் இலக்கியத்தை மைனராக, அதாவது துணைப்பாடமாக எடுக்கலாமா, எடுத்தால் ஜீபிஏ என்கிற சராசரிப் புள்ளி இறங்குமா, எழுத்து வருமா என்று மூன்று கேள்வி. கடைசியில் ஒரு வரி: "அம்மம்மா, இரண்டு தோணியில கால் வைக்காத மகள் என்று சொல்றா ஐயா."

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற நமக்குத் தோணிக் கதையா? நான் சின்னவனாக இருந்தபோது குறுமண்வெளியில் இருந்து மண்டூர்க் கோயிலுக்குப் போவதென்றால் பாதையில்தான் போக வேண்டும். வெளியூர்க்காரர் பாதை என்றால் ரோட்டு என்று நினைப்பார்கள். நமக்குப் பாதை என்பது வாவியைக் கடக்கிற மிதவை. அப்போது நான் ஏறிய பாதை என்ன தெரியுமா? இரண்டு வள்ளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிணைத்து, மேலே பலகை அடித்தது. சைக்கிள், நெல்மூட்டை, கோயிலுக்கு நேர்ந்த சேவல், எல்லாம் அதில் ஏறும். ஒரு தரம் என்னுடைய மாமா ஒருவர் பாதை வரும் வரைக்கும் பொறுக்க மாட்டாமல் தனித் தோணியில் ஏறினார். வேட்டி நனைந்துதான் கரையேறினார். அந்தக் கதை இன்றைக்கு வேண்டாம்.

ஆக, அம்மம்மா சொன்னது சரிதான். பிணைக்காத இரண்டு தோணியில் கால் வைத்தால் விழுவோம். பிணைத்தால் அது பாதை.

ஜீபிஏ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரெடிட் உள்ள பாடம் என்றால் அதன் புள்ளியும் பொதுவாகக் கணக்கில் வரும். உங்கள் பீடத்தின் கைநூலை எடுத்துப் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம். தமிழ்தானே, சும்மா எழுதலாம் என்று எடுப்பவர்கள்தான் அடி வாங்குகிறார்கள். நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. விரிவுரையில் இருப்பது ஏறத்தாழ 45 மணித்தியாலம். மிச்சம் 105 நீங்கள் தனியே இருந்து வாசிக்க வேண்டியது. எழுத ஆசைப்படுகிறவருக்கு அந்த 105தான் முக்கியம். கட்டாயம் இல்லாவிட்டால் நாம் வாசிக்க மாட்டோம், நான் உட்பட.

எழுத்து வருமா? அமெரிக்காவில் படைப்பெழுத்தையே ஒரு துறையாக வைத்திருக்கிறார்கள். அயோவாவில் 1936இலேயே தொடங்கிவிட்டார்கள். பல இடங்களில் ஐந்தாறு பாடம் எடுத்தால் அது மைனர். வகுப்பில் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துவிட்டு வந்து அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுவார்கள். எழுதியவர் அதுவரைக்கும் வாய் திறக்கக்கூடாது. இது நல்ல வழக்கம். இதற்குக் கம்பஸ் தேவையில்லை, நாலு சிநேகிதிகளும் ஒரு மாமர நிழலும் போதும். வாய் திறக்காமல் இருப்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்.

ஆனால் மகள், நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எதை எழுதுவது? அதைக் கேட்டிருந்தால் நான் துள்ளியிருப்பேன். கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளைப் பற்றி முன்பும் பேசியிருக்கிறேன். நம் பழைய ஆட்கள் "மறுபடியும் தொடங்கிவிட்டார்" என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். அவர் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் அவர்தான். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி 25 அடி வருகிறது. எத்தனையோ பேர் வாசித்த அடிகள். அதைப் பிடித்துக்கொண்டு நரம்பையும் சுரத்தையும் கணக்குப் போட்டு, 1947இல் யாழ் நூல் என்று ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். தமிழ் மட்டும் தெரிந்தவர் அந்தக் கணக்கில் நின்றுபோயிருப்பார். கணக்கு மட்டும் தெரிந்தவர் அந்த அடிகளுக்கே வந்திருக்க மாட்டார். இரண்டு வள்ளமும் பிணைந்திருந்தன.

உங்கள் புவியியலுக்கு வருவோம். ஆற்றுவாய் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் காலத்தில் ஆற்று நீர் குறையக் கடல் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கிறது. மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும். வயல்காரருக்கு உடனே வெட்ட வேண்டும். இறால் பிடிக்கிறவரின் கணக்கு வேறு. ஒரு மணல் திட்டின் மேல் இரண்டு வீட்டுச் சோறு நிற்கிறது! இந்தக் கதையை உங்களைவிட யார் எழுதுவது? மணல் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் பேசுகிற பேச்சும் தெரியும்.

பேச்சு என்றதும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரையில் "மறுகா வீட்டுக்குக் கிறுகினோம்" என்று எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் வெட்டி, "பின்னர் திரும்பினோம்" என்று போட்டார். அதோடு பத்து வருடம் அந்தச் சொற்களை நான் தாளில் வைக்கவில்லை. பிறகு துணைப்பாடமாக இலக்கியத்தோடு மொழியியலும் கொஞ்சம் படித்த பிறகுதான், வட்டார வழக்கு பிழை அல்ல என்பது உறைத்தது. துணைப்பாடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான், புள்ளி இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் கண்ணகி கதையான வழக்குரை பாடும்போது இப்போது காது கொடுத்துக் கேட்கிறேன். முன்பு பொங்கல் எப்போது தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவன்.

அதனால் எடுங்கள் மகள். புவியியலை விடாமல் எடுங்கள். அந்த ஆற்றுவாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். "மறுகா" வந்தால் நான் வெட்ட மாட்டேன். அம்மம்மாவுக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது சம்மாந்துறையில் இருந்து ஒரு தம்பி, கொஞ்சம் சண்டைக் கேள்வி...