வானம் பார்க்க முதலில் இருட்டு வேண்டும்

(நூலக வாசகர் வட்ட விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் வைக்க ஒரு வேண்டுகோள் உண்டு. அதனால் கூடுதலாக ஒரு நன்றி.

இரவு வானம் பார்ப்பதைப் பற்றி வெறுங்கண், பைனாகுலர், டெலஸ்கோப் என மூன்று பகுதியாகப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு பழமொழி: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நாம் எல்லோரும் அகப்பை வாங்கத்தான் ஓடுகிறோம். சட்டி என்பது இருண்ட வானம்.

வெறுங்கண்ணிலிருந்து தொடங்குவோம். வெளியே வந்ததும் எதுவும் தெரியவில்லை என்று உள்ளே போய்விடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் பழகியது போயிற்று. டார்ச் தேவையென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி. சென்னையில் அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்திய நட்சத்திரம் நிற்கும். லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. மே மாதத்தில் அதே தெற்கில் தென்சிலுவை. இவ்வளவு தெற்கு வானம் நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. தெற்கே நம் ஊரின் விளக்குகள் எரிந்தால் அதையும் இழக்கிறோம்.

அடுத்தது பைனாகுலர். பெற்றோர்களே, பிள்ளைக்கு முதல் கருவி இதுவாகத்தான் இருக்க வேண்டும். 10×50 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும். முன்வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் ஐந்து; கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் ஐந்து மில்லிமீட்டர். இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது பொருத்தம். 8×21 என்ற சட்டைப்பைப் பைனாகுலரில் கற்றை மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. பகலுக்கு நன்று, இரவில் மங்கும். இருபது மடங்குக்குப் போனால் கை நடுக்கமும் இருபது மடங்காகும், முக்காலி இல்லாமல் பயனில்லை.

வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடப்பக்கத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்க ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். முழங்கையைச் சுவரில் ஊன்றி வியாழனைப் பாருங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு நிலவுகள் வரை தெரியும். ஜூலை, ஆகஸ்டில் விருச்சிகத்தின் வாலுக்கு அருகே எம்6, எம்7 என்ற இரண்டு நட்சத்திரக் கொத்துகள். மே மாதத்தில் ஒமேகா சென்டாரி. மதுரையில் முப்பது டிகிரிக்கும் மேலே ஏறிவரும், பஞ்சு உருண்டை போன்ற நட்சத்திரக் கொத்து அது. நிலவைப் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். நிழலே விழாததால் பள்ளங்கள் தட்டையாகிவிடும். எட்டாம் பிறையில் ஒளியும் இருளும் சேரும் கோட்டருகே பாருங்கள்.

இனி டெலஸ்கோப். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். முகப்பு விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குதான் எல்லை. 60 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் உருவம் பெருகும், விவரம் பெருகாது. நல்ல தேர்வு 150 மில்லிமீட்டர் ஆடியுள்ள டாப்சோனியன், அதாவது எளிய சுழல் பீடத்தில் நிற்கும் ஆடி டெலஸ்கோப். குவியத்தூரம் 1200 என்றால் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கு தரும். சனியின் வளையமும் அதன் நிலவான டைட்டனும் அதிலேயே வந்துவிடும். ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கும் சிறு குழலைப் பகலில், தூரத்து செல்போன் கோபுரத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஆடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர அரை மணி நேரம் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் உருவம் கொதிப்பதுபோல் ஆடும். கடலோர ஊர்களில் பனி ஈரத்தோடு மூடிவைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறியில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும், கண் போய்விடும்.

ஆனால் ஆண்ட்ரொமீடா விண்மீன் திரளை இந்த ஊர் நடுவில் எந்த டெலஸ்கோப்பாலும் சரியாகப் பார்க்க முடியாது. பெரிய ஆடி திரளின் ஒளியோடு தெருவிளக்கின் ஒளியையும் சேர்த்தே அள்ளுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

மாணவர்களே, இதைக் கேளுங்கள். 1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று கணக்கு. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு டெலஸ்கோப் பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறக்கிறது. இங்கே, ஜவ்வாது மலையில், காவலூர் வான் ஆய்வகத்தில், ஒரு மீட்டர் விட்டமுள்ள டெலஸ்கோப்பில் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருக்கிறார்கள். கணக்கில் பிசகு இருக்கலாம் என்று விமானத்தில் முன்கூட்டியே கருவியை ஓடவிட்டார்கள். கோள் நெருங்க அரை மணிக்கும் மேல் இருக்கும்போது நட்சத்திரம் சட்டென்று மங்கியது, மீண்டது. மேகமா? கருவிக் கோளாறா? மறுபடி மங்கியது. ஐந்து தடவை! கோள் கடந்த பிறகு மறுபுறமும் ஐந்து தடவை! யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன. காவலூரிலும் அந்த மங்கல் பதிவானது. அது ஒரு புதிய துணைக்கோள் என்று முதலில் எழுதினார்கள். சில விநாடி மங்கல் அது, நம் வேலூர்ப் பக்கத்து மலையில் பிடிபட்டது. ஆய்வகத்தை நிறுவிய வானியலாளர் வைணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்ததற்கு இருண்ட வானமும் ஒரு காரணம்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, இப்போது வேண்டுகோள். தெருவிளக்கை அணைக்கச் சொல்லவில்லை. எல்இடி விளக்குகளைச் சாய்வாக மாட்டியிருக்கிறார்கள். முகம் தரையைப் பார்த்துக் கிடைமட்டமாக இருக்கும்படி திருப்புங்கள். மேலே போகும் ஒளியும் சாலைக்கே வரும், வண்டி ஓட்டுபவர் கண்ணும் கூசாது. புதிதாக வாங்கும்போது 3000 கெல்வினோ அதற்குக் குறைவோ கேளுங்கள்; அது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சளாகும். வெள்ளை விளக்கில் உள்ள நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்கிறது. பள்ளி மைதானத்தின் ஃப்ளட்லைட்டுகளுக்குத் தகர மறைப்பு போதும். உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம். பாதுகாப்பு குறையும் என்பார்கள். கூசும் விளக்குக்குப் பின்னால் நிற்பவர்தான் தெரியமாட்டார், மறைப்புள்ள விளக்கின் கீழ் நிற்பவர் நன்றாகத் தெரிவார்.

முதலில் மைதானத்தைச் சுற்றிய தெருக்களில் மட்டும் செய்து பாருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நிலவில்லாத இரவில் கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று இந்தப் பிள்ளைகள் எண்ணி எழுதித் தருவார்கள். அந்தத் தாளைத் தலைமையாசிரியர் அவர்களே தங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

நன்றி, வணக்கம்.