மிட்வே 1942: நாலு கப்பல் எரிஞ்சு போச்சு, ஒண்ணு மட்டும் ஏன் எரியல?

[திரையில்: நீலக் கடல், நடுவுல ஒத்தைக் கப்பல்]

வணக்கம் மக்களே. 1942 ஜூன் 4, மதியம் 12 மணி. பசிபிக் கடல்ல யார்க்டவுன்னு ஒரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். ஜப்பான் விமானங்கள் நெருங்கி வர்றது ரேடார்ல தெரிஞ்சிடுச்சு. பீரங்கிக்காரங்க அவங்க இடத்துக்கு ஓடுறாங்க. அதே நேரத்துல இன்னொரு கூட்டம், பார்த்தா சாதாரணமாத் தெரியற ஒரு வேலையைச் செய்யுது. விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்புற குழாய்களை எல்லாம் வடிச்சுட்டு, காலியான குழாய்க்குள்ள தீயை எரிய விடாத கரியமில வாயுவை அடைக்கிறாங்க. கப்பலோட பின்பக்கம் 800 காலன் பெட்ரோல் இருந்த ஒரு தொட்டியை அப்படியே கடல்ல தள்ளி விடறாங்க.

அன்னைக்குக் காலையில பத்தரை மணிக்குள்ள மூணு ஜப்பான் கப்பல் தீப்பிடிச்சிருந்துச்சு. மூணுமே பிழைக்கல. யார்க்டவுன் மேல மூணு குண்டு விழுந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல அது எழுந்து ஓடுச்சு. மிட்வேன்னாலே அஞ்சு நிமிஷம், அதிர்ஷ்டம், ரகசியக் குறியீடுன்னு தான் பேசுவாங்க. என்னைக் கேட்டா, அந்தக் குழாயைப் பத்தித் தான் முதல்ல பேசணும்.

பின்னணியை வேகமாச் சொல்லிடறேன். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர். ஆறு விமானந்தாங்கிக் கப்பலோட போய் ஜப்பான் அடிச்சுச்சு. ஆறு மாசத்துல பர்மா வரைக்கும் பிடிச்சிட்டாங்க. மிச்சமிருந்த அமெரிக்க விமானந்தாங்கிகளை வெளிய இழுத்து ஒழிக்கணும்னு, ஹவாய்க்கு வடமேற்குல சுமார் 2,100 கிலோமீட்டர்ல இருக்கிற மிட்வே தீவைக் குறி வெச்சாங்க. ஜப்பானோட கோட்வர்டுல அந்த இடத்துக்கு 'ஏ.எஃப்'னு பேர். ஏ.எஃப்னா எதுன்னு உறுதி பண்ண, ரோஷ்ஃபோர்ட்ங்கிற அமெரிக்கக் கடற்படை அதிகாரியோட குறியீடு உடைக்கிற குழு மிட்வேயை விட்டு "எங்க குடிநீர் இயந்திரம் கெட்டுப் போச்சு"ன்னு வெளிப்படையா ரேடியோவுல சொல்ல வெச்சாங்க. கொஞ்ச நாள்ல ஜப்பான் செய்தி ஒண்ணு பிடிபட்டுச்சு: ஏ.எஃப்ல தண்ணித் தட்டுப்பாடு. அவ்வளவு தான், குட்டு வெளிப்பட்டுடுச்சு. இதுக்கு நம்ம மொழியில நூறு வீடியோ இருக்கு, நான் மேல போறேன்.

ஜப்பான் பக்கம் அட்மிரல் நகுமோ. அவர்கிட்ட அகாகி, காகா, சோர்யு, ஹிர்யுன்னு நாலு விமானந்தாங்கி. அமெரிக்காவுக்கு என்டர்பிரைஸ், ஹார்னெட், அப்புறம் யார்க்டவுன். இந்த மூணாவதே சந்தேகம் தான். மே மாசம் பவழக் கடல் சண்டையில அடி வாங்கி வந்த கப்பல். சரி பண்ண மூணு மாசம் ஆகும்னாங்க. மூணு நாள்ல வேணும்னார் அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ். சுமார் 1,400 பேர் ராத்திரி பகலா வேலை பார்த்து, மே 30 அன்னைக்கு அனுப்பிட்டாங்க. முழுசா சரியாகல. உடைஞ்ச இடத்துல மரத்தை முட்டுக் கொடுத்து, இரும்புத் தகட்டை வெல்டு பண்ணி, ஓடுற நிலைமைக்குக் கொண்டு வந்தாங்க.

[திரையில்: கப்பலோட குறுக்கு வெட்டுப் படம்]

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காலை 4.30-க்கு நகுமோ 108 விமானத்தை மிட்வே தீவுக்கு அனுப்பினார். 7 மணிக்கு அங்கேருந்து தகவல்: இன்னொரு தடவை அடிக்கணும். நகுமோ கையில அடுத்த அணி தயாரா இருந்துச்சு. ஆனா அதுல மாட்டியிருந்தது கப்பலை அடிக்கிற டார்பிடோ. தீவை அடிக்க அது உதவாது. 7.15-க்கு உத்தரவு: டார்பிடோவைக் கழட்டு, குண்டை மாட்டு.

இது மிக்ஸி ஜாரை மாத்துற மாதிரி வேலை இல்ல. ஒரு டார்பிடோ 800 கிலோவுக்கு மேல. கைவண்டியை வயித்துக்கு அடியில தள்ளி, டார்பிடோவை இறக்கி, அதைத் தாங்குற கொக்கி அமைப்பையே கழட்டி, குண்டுக்கு உண்டானதை மாட்டி, அப்புறம் குண்டை ஏத்தணும். எல்லா விமானத்துக்கும் ஒரே நேரத்துல வேலை பார்க்கக் கைவண்டி போதாது. மொத்தமா முடிய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாதி வேலையில, 7.28-க்கு உளவு விமானம் 'எதிரிக் கப்பல்கள் தெரியுது'ங்குது. 7.45-க்கு மாத்துறதை நிறுத்துன்னு உத்தரவு. 8.20-க்குத் தான் 'விமானந்தாங்கி மாதிரி ஒண்ணு இருக்கு'ன்னு தகவல் வருது. மறுபடி டார்பிடோ. கழட்டின குண்டுகளைக் கீழ கிடங்குக்கு இறக்க நேரமில்ல. ஹேங்கர், அதாவது கப்பலுக்குள்ள விமானம் நிறுத்தற கூடத்தோட சுவரோரமாவே வெச்சுட்டாங்க. விமானம் எல்லாத்துலயும் பெட்ரோல் நிரம்பியிருக்கு. பெட்ரோல் குழாய்லயும் பெட்ரோல்.

கொஞ்சம் நில்லுங்க. இந்தத் தப்பு மிட்வேல திடீர்னு நடந்தது இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி இதே நகுமோ நம்ம பக்கத்துல தான் இருந்தார், இலங்கைக் கடல்ல. ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை. கொழும்பை அடிச்ச அன்னைக்கு, கடல்ல பிரிட்டிஷ் கப்பல் தெரியுதுன்னதும் இதே மாதிரி ஆயுதத்தை மாத்து, திரும்ப மாத்துன்னு குழப்பம் நடந்துச்சு. அன்னைக்கு தப்பிச்சாங்க, ரெண்டு பிரிட்டிஷ் குரூசரையும் மூழ்கடிச்சாங்க. ஏப்ரல் 9 இன்னும் மோசம். ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் அகாகி தலைக்கு மேல வந்து குண்டு போடற வரைக்கும் யாருக்கும் தெரியல. காரணம், அந்தக் கப்பல்ல ரேடார் இல்ல. குண்டுகள் பக்கத்துத் தண்ணியில விழுந்துச்சு. ஒன்பதுல அஞ்சு விமானம் திரும்பல. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளிய பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மீஸ் மூழ்குன சந்தோஷத்துல, அகாகியோட அந்த எச்சரிக்கை அப்படியே அமுங்கிப் போச்சு. மிட்வேக்கான மணி திருகோணமலையில அடிச்சிடுச்சு மக்களே. கேட்க ஆளில்ல.

சரி, மிட்வே. அமெரிக்க டார்பிடோ விமானங்கள் முதல்ல வந்துச்சு. மூணு கப்பல்லேருந்து மொத்தம் 41. டார்பிடோவைத் தூக்கிட்டா மணிக்கு 185 கிலோமீட்டர் அளவுக்குத் தான் வேகம். தண்ணியை ஒட்டித் தாழ்வா, நேரா வரணும். ஹார்னெட்லேருந்து வந்த 15-ம் விழுந்துச்சு. அதுல இருந்த 30 பேர்ல பிழைச்சவர் ஒருத்தர். 41-ல கப்பலுக்குத் திரும்பினதை விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு டார்பிடோ கூடப் படல. ஆனா அவங்களை விரட்டி ஜப்பானோட ஜீரோ சண்டை விமானங்கள் எல்லாம் கீழ இறங்கிடுச்சு.

மேல, என்டர்பிரைஸ் கப்பலோட மெக்ளஸ்கி 33 டைவ் பாம்பரோட, அதாவது செங்குத்தாப் பாய்ஞ்சு குண்டு போடற விமானங்களோட, கிளம்பி வந்தார். சொன்ன இடத்துல வெறும் கடல். பெட்ரோல் பாதிக்கு மேல தீர்ந்தாச்சு. 9.55-க்கு ஒத்தையா ஒரு ஜப்பான் டெஸ்ட்ராயர் வேகமா வடக்கே ஓடுறதைப் பார்த்தார். அது ஒரு நீர்மூழ்கியைத் துரத்திட்டு, கூட்டத்தோட சேரப் போற அராஷி. அது போற திசையையே பிடிச்சுப் போனார். இன்னொரு பக்கம் யார்க்டவுன்லேருந்து 17. அதுலயும் ஒரு கூத்து: புதுசா வெச்ச மின் சுவிட்சைத் தட்டினதும், குண்டு தயாராகிறதுக்குப் பதிலா கழண்டு கடல்ல விழுந்துச்சு. நாலு குண்டு போச்சு. தலைவரோட குண்டே போச்சு. அவர் வெறுங்கையோட முன்னால பாய்ஞ்சார்.

10.20 தாண்டினதும் காகா மேல நாலு குண்டு, சோர்யு மேல மூணு. அகாகி மேல எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. டிக் பெஸ்ட்ங்கிற விமானி ரெண்டு பேரோட மட்டும் பிரிஞ்சு வந்து பாய்ஞ்சார். 450 கிலோ குண்டு, விமானத்தை ஏத்தி இறக்குற நடு லிஃப்டுக்குப் பக்கத்துல தளத்தைத் துளைச்சு ஹேங்கருக்குள்ள வெடிச்சுச்சு. 36,500 டன் கப்பல், ஒரே குண்டுக்குக் காலி.

ஏன்? ரொம்ப காலமா ஒரு கதை ஓடுச்சு: ஜப்பான் விமானங்கள் மேல்தளத்துல வரிசையா நின்னுச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைச்சிருந்தா பறந்திருக்கும்னு. கொழும்பை அடிச்ச ஃபுசிடா போருக்கு அப்புறம் பரப்பின கதை அது. ஆனா ஜப்பானோட சொந்தப் பதிவேடு, அந்த நேரத்துல மேல காவலுக்குப் பறந்த ஜீரோக்கள் தான் இறங்கி ஏறிக்கிட்டிருந்துச்சுங்குது. தாக்கப் போற விமானங்கள் பெரும்பாலும் கீழ ஹேங்கர்ல இருந்துச்சு. இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்ல. லட்சுமி வெடியைத் தெருவுல வெச்சா சத்தத்தோட போயிடும். அதையே தகர டப்பாவுக்குள்ள வெச்சு மூடினா டப்பா பிஞ்சு தெறிக்கும். ஜப்பான் ஹேங்கர் நாலு பக்கமும் இரும்புச் சுவர், அடுக்கடுக்கா ரெண்டு தளம். வெடிப்பு வெளிய போக வழியில்ல. பெட்ரோல் ஆவியும் போகாது. அமெரிக்கக் கப்பல்ல ஹேங்கருக்குப் பக்கவாட்டுல கடை ஷட்டர் மாதிரி சுருட்டிக் கதவு. திறந்தா காத்து. எரியற விமானத்தைக் கடல்ல தள்ளியும் விடலாம்.

தீயணைப்புத் தண்ணிக் குழாய்? முதல் வெடிப்புலயே காகாவுல அது போச்சு. சுவரோரம் இருந்த குண்டுகள் ஒண்ணு ஒண்ணா வெடிக்க ஆரம்பிச்சுச்சு. அமெரிக்கக் குண்டு தீக்குச்சி தான். விறகு அவங்க சொந்த விறகு.

[திரையில்: யார்க்டவுன், புகையோட]

இப்ப திரும்ப யார்க்டவுனுக்கு. தப்பிச்ச ஒரே ஜப்பான் கப்பல் ஹிர்யு, 18 டைவ் பாம்பரை அனுப்புச்சு. மூணு குண்டு பட்டுச்சு. ஒண்ணு மேல்தளத்துல. ஒண்ணு புகைபோக்கிக் குழாய்ல வெடிச்சு, கொதிகலன்களை அணைச்சுச்சு. மூணாவது தான் முக்கியம்: முன்பக்க லிஃப்ட் வழியா உள்ள போய், பெட்ரோல் தொட்டிக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் பக்கத்துலயே தீ. அகாகி கதை இங்கயும் நடந்திருக்கணும். நடக்கல. பெட்ரோல் தொட்டியைச் சுத்தி கரியமில வாயு, கிடங்குக்குள்ள தண்ணி. ஹேங்கர்ல தீ கிளம்பினதும் மேலேருந்து தண்ணித் திரையைத் திறந்துட்டாங்க. மேல்தள ஓட்டையை மரம், இரும்புத் தகடு போட்டு அரை மணிக்குள்ள மூடியாச்சு. ரெண்டரை மணிக்கு 19 நாட், அதாவது மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகம்.

இந்தக் குழாய் யோசனை யார்க்டவுனோட பெட்ரோல் பொறுப்பாளர் ஆஸ்கர் மையர்ஸோடது. பவழக் கடல்ல மே 8 அன்னைக்கு லெக்சிங்டன் கப்பல் அடியைச் சமாளிச்சு ஓடிட்டு இருந்தப்ப, உள்ள கசிஞ்ச பெட்ரோல் ஆவி வெடிச்சுத் தான் அழிஞ்சுச்சு. அந்தப் பாடம் நாலே வாரத்துல இன்னொரு கப்பலோட குழாய்க்குள்ள வந்து சேர்ந்துடுச்சு. திருகோணமலைப் பாடம் ரெண்டு மாசம் ஆகியும் அகாகிக்கு வந்து சேரல.

அதனால வந்த லாபத்தைப் பாருங்க. ஹிர்யு அடுத்து 10 டார்பிடோ விமானத்தை அனுப்புச்சு. தலைவர் டொமோனாகாவோட விமானத்துல ஒரு பெட்ரோல் தொட்டி ஏற்கனவே ஓட்டை. திரும்ப முடியாதுன்னு தெரிஞ்சே கிளம்பினார். அவங்க கண்ணுக்கு ஒரு முழுசான கப்பல் தெரிஞ்சுச்சு. புதுக் கப்பல்னு நினைச்சு அடிச்சது அதே யார்க்டவுனைத் தான். ரெண்டு டார்பிடோ பட்டுச்சு. ரெண்டு விமானந்தாங்கியை முடிச்சிட்டோம்னு ஜப்பான் கணக்குப் போட்டுச்சு. உண்மையில என்டர்பிரைஸ், ஹார்னெட் ரெண்டும் கீறல் இல்லாம இருந்துச்சு. சாயங்காலம் 5 மணிக்கு ஹிர்யு மேல நாலு குண்டு. முன்பக்க லிஃப்ட் தட்டு பிய்ஞ்சு பறந்து, கப்பலோட கட்டளை மேடை மேலயே சாய்ஞ்சு நின்னுச்சு. அந்த போட்டோவைத் திரையில பாருங்க, ஒரு வீட்டு அளவுக்கு இருக்கு.

யார்க்டவுன் அதுக்கு அப்புறமும் மூழ்கல. ஜூன் 6-ல ஒரு ஜப்பான் நீர்மூழ்கி திரும்ப அடிச்சு, 7 காலையில தான் போச்சு.

ஜப்பான் பக்கம் 3,057 பேர், அமெரிக்கா பக்கம் 307 பேர் செத்தாங்க. ஜப்பானோட தேர்ந்த விமானிகள் எல்லாம் மிட்வேல போயிட்டாங்கன்னு சொல்வாங்க. செத்த விமானக் குழுவினர் சுமார் 110 தான், அதிகம் பேர் ஹிர்யுவோட ஆளுங்க. ஹேங்கர்ல பூட்டின மாதிரி மாட்டிக்கிட்டது நூத்துக்கணக்கான மெக்கானிக்குகள். அந்த அனுபவத்தை அவ்வளவு சீக்கிரம் திரும்பச் சேர்க்க முடியல. அமெரிக்காவோ போர் முடியறதுக்குள்ள 17 எசெக்ஸ் ரக விமானந்தாங்கிக் கப்பலைப் படையில சேர்த்துச்சு. மிட்வே முடிஞ்சு ரெண்டு மாசத்துல குவாடல்கனால் தீவுச் சண்டை. அது தனி வீடியோ.

திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் இருக்கிறவங்க, 1942 ஏப்ரல்ல வானத்துல என்ன பார்த்தாங்கன்னு உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருந்தா, கமெண்ட்ல எழுதுங்க. ஒவ்வொண்ணையும் நான் படிப்பேன்.