ஒரு கல்லைப் பாருங்கள் என்று கேட்பது

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ஒரு கல்லைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அதன் எடை 1,560 கிராம். நகரிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கோயிலில் இரண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே அதன் புகைக்கோடு தெரியும். அப்படி ஒரு ராக்கெட்டைப் பார்த்த மறுநாள், நான் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மஞ்சள் பையில் எதையோ சுமந்துகொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். "சார், எங்க தாத்தா இதை வானத்துல இருந்து விழுந்த கல்லுன்னு சொல்றாரு" என்றான்.

அவர்கள் வேர்க்கடலைக் கொல்லையில் கிடைத்த கல் அது. மூன்று தலைமுறையாக மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். வெளியே கருப்பாக, வழுவழுப்பாக இருந்தது. ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. அந்த உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கருஞ்சாம்பல் நிறத்துக்குள் மெல்லிய வெள்ளைக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. என் நெஞ்சு படபடத்தது. ஏனென்றால் கிட்டத்தட்ட அதே பின்னலை நான் ஒரு படத்தில் பார்த்திருந்தேன். அது ஷெர்கோட்டி விண்கல்லின் படம்.

ஷெர்கோட்டியைப் பற்றி நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1865 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பீகாரில் கயைக்குப் பக்கத்தில் இருக்கும் ஷெர்காட்டியில் விழுந்த கல் அது. சுமார் 5 கிலோ. 1872-இல் சேர்மாக் என்ற அறிஞர் அதற்குள் ஒரு விசித்திரமான கண்ணாடியைக் கண்டுபிடித்தார். பெல்ஸ்பார் என்னும் கனிமத்தின் உருவம் அப்படியே இருக்கிறது, ஆனால் உள்ளே படிக அமைப்பு இல்லை. பயங்கரமான அடி ஒன்று வாங்கியதால் அது கண்ணாடியாகிவிட்டது. அந்த அடி எங்கே விழுந்தது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது செவ்வாய்க் கோளில் விழுந்த அடி என்று தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

எப்படித் தெரிந்தது? முதல் துப்பு வயது. பெரும்பாலான விண்கற்களுக்கு வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். ஷெர்கோட்டியும், எகிப்தில் 1911-இல் விழுந்த நக்லாவும், பிரான்ஸில் 1815-இல் விழுந்த ஷாசினியும் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. நக்லா எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்து 130 கோடி ஆண்டுதான் ஆகிறது. ஷெர்கோட்டி இன்னும் இளசு, 20 கோடி ஆண்டுகூட இல்லை. அவ்வளவு அண்மைக்காலம் வரை எரிமலை எரிய வேண்டுமென்றால் அது ஒரு பெரிய கோளாகத்தான் இருக்க வேண்டும். சிறு கோள்கள் எல்லாம் எப்போதோ ஆறிப்போனவை.

அடுத்த துப்புதான் முடிவைச் சொன்னது. 1976-இல் நாசாவின் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்து சொல்லியிருந்தன. அண்டார்க்டிகாவின் எலிபன்ட் மொரேன் பகுதியில் 1979-80 பருவத்தில் ஒரு கல் கிடைத்தது. அதிலும் அடிபட்டு உருகிய கண்ணாடி இருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருந்த துளி வாயுவை 1983-இல் அளந்து பார்த்தார்கள். ஆர்கானும் செனானும் வைக்கிங் சொன்ன விகிதத்திலேயே இருந்தன. ஒரு மூச்சுக் காற்று அங்கே அடைபட்டு, கோடிக்கணக்கான மைல் கடந்து, பனியில் கிடந்து, மனிதன் கைக்கு வந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021-இல் இறங்கிப் பாறைத் துண்டுகளைக் குழாய்களில் சேர்த்துவைத்தாலும், அவை இன்னும் பூமிக்கு வரவில்லை. நம் கையில் இருக்கும் செவ்வாய் இந்த விண்கற்கள் மட்டும்தான்.

சரி, எங்கள் கல்லுக்கு வருகிறேன்.

அன்று இரவே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். "எங்கள் ஊரில் செவ்வாய்க் கோளிலிருந்து வந்த விண்கல் கிடைத்துள்ளது, உடனே நிபுணர் குழுவை அனுப்பி ஆய்வு செய்யவும்." இரண்டு பக்கம். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தையும் இணைத்தேன். விண்வெளி சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான்கு மாதம் பதில் இல்லை. பையன் தினமும் வந்து என் முகத்தைப் பார்ப்பான். அவன் தாத்தா ஒருநாள் பள்ளிக்கே வந்து, "வாத்தியாரய்யா, நம்ம பேச்சை யார் கேக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது வலித்தது.

பிறகு, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நம் எல்லைப் பக்கம் இரிடியம், ரைஸ் புல்லர் என்று சொல்லி எத்தனை குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்! இடி விழுந்த செம்பு அரிசியை இழுக்கும், நாசா கோடிக்கணக்கில் வாங்கும் என்று போலிக் கடிதம் காட்டிப் பணம் பிடுங்கியவர்கள் உண்டு. நிலத்தை விற்றுக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்துபோனார். விண்கல் என்று அரசே அறிவித்துவிட்டது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். முடிவு முதலில் வந்து ஆதாரம் பிறகு வந்தால் இப்படித்தான் ஆகும். என் கடிதத்திலும் முடிவு முதல் வரியிலேயே இருந்தது. ஆதாரம் எங்குமே இல்லை.

ஒரு கல்லை ஆராயும்படி ஒரு நிறுவனத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டுமானால், செவ்வாய் என்ற சொல்லையே நாம் உச்சரிக்கத் தேவையில்லை. கல்லைப் பற்றி நமக்குத் தெரிந்ததை மட்டும் ஒழுங்காகச் சொன்னால் போதும். செவ்வாயா இல்லையா என்று சொல்ல வேண்டியது அவர்களுடைய கருவிகள். அந்தக் கருவி ஓடும் ஒரு நாளை நம் கல்லுக்குக் கொடுக்கலாமா என்று அவர்கள் முடிவெடுக்க நாம் உதவ வேண்டும்.

பையனும் நானும் மறுபடி தொடங்கினோம். மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் எடை பார்த்தோம். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய குடத்தில் கல்லை இறக்கி, வழிந்த தண்ணீரை அளந்தோம், 520 மில்லி. அப்படியானால் அடர்த்தி சரியாக 3. நம் பக்கத்துக் கிரானைட்டுக்கு 2.7-க்குள் வரும். பையனுக்கு நம்பிக்கை ஏறிவிட்டது, எனக்கும்தான். ஆனால் "சாதாரணக் கல்லைவிடக் கனமானது" என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினோம். ஆறு பக்கமும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். கொல்லையின் இடம், கல் கிடைத்த விதம், எத்தனை வருஷம் யார் வீட்டில் இருந்தது, எண்ணெய் பட்டதா, நெருப்பு பட்டதா என்று தாத்தாவைக் கேட்டு எழுதினோம். விழுந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் எழுதினோம். தாத்தாவுக்கு அதை எழுதுவதில் விருப்பமில்லை. "எங்க நைனா சொன்னாரு, போதாதா?" என்றார். நைனா சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதினோம்.

ஒரு தவற்றையும் எழுத வேண்டியிருந்தது. கல் வந்த முதல் நாளே நான் அதில் காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தேன். விண்கல் என்றால் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். லேசாக ஒட்டியது, மகிழ்ந்தேன். அப்புறம்தான் ஒரு விஷயத்தைப் படித்தேன். 'பிளாக் பியூட்டி' என்று ஒரு செவ்வாய்க் கல் உண்டு. 2011-இல் சகாராவிலிருந்து வந்தது, 320 கிராம்தான் இருக்கும், செவ்வாயின் மிகப் பழைய மேலோட்டுத் துணுக்குகள் அதில் இருக்கின்றன. செவ்வாய்க்கு ஒருகாலத்தில் காந்தப்புலம் இருந்தது, அது எப்போது அணைந்தது என்று தெரிந்தால் அதன் காற்றும் நீரும் போன கதையின் ஒரு பகுதி விளங்கும். அந்தப் பழைய காந்தச் சுவடு இந்தக் கல்லில் இருந்திருக்க வேண்டும். ஆனால் யாரோ கைக் காந்தத்தை வைத்துச் சோதித்ததில் அது அழிந்துபோய்விட்டது என்று 2023-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோடி கோடி ஆண்டுகள் பத்திரமாக இருந்த ஒரு பதிவு, ஒரு நொடியில் போயிற்று. அதற்கு மேல், செவ்வாய்க் கற்களில் உலோக இரும்பு கிட்டத்தட்ட இருக்காது என்பதால் காந்தச் சோதனை அவற்றுக்குப் பெரிதாக உதவாது. நம் ஊர் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுக் கல்லோ காந்தத்தில் பளிச்சென்று ஒட்டும். தயவுசெய்து, நேயர்களே, கையில் எப்படிப்பட்ட கல் கிடைத்தாலும் காந்தம் வைக்காதீர்கள். கழுவவும் வேண்டாம்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். கடைசி வரி இதுதான்: "ஒரு சிறு துண்டைத் தங்கள் செலவில்லாமல் அனுப்பி வைக்கிறோம், பார்க்க இயலுமா?" இந்த முறை அதை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். பதினேழு நாளில் பதில் வந்தது. சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கேட்டிருந்தார்கள்.

நிறுவனங்களுக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும். வருகிற கற்களில் மிகப் பெரும்பாலானவை விண்கல்லே இல்லை, உலைக் கசடும் இரும்புத் தாதுவும்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பாருங்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு கல், பனியாறு தேய்த்த சாதாரணக் கல் என்று கிடந்தது. 1931-இல்தான் அது விண்கல் என்று கண்டார்கள். இன்று அது லாபயெட் என்ற பெயரில் செவ்வாய்க் கற்களில் ஒன்று. அண்டார்க்டிகாவில் 1984-இல் ஆலன் ஹில்ஸில் எடுத்த 1.9 கிலோ கல்லை, தேர்ந்த நிபுணர்களே சிறுகோள் கல் என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 1993-இல் ஒருவர் வேறு காரணத்துக்காக அதைப் பார்த்தபோதுதான் செவ்வாய் என்று புரிந்தது. 1996-இல் உயிரின் சுவடு இருக்கிறதா என்று உலகமே விவாதித்தது அந்தக் கல்லைத்தான். நிபுணர்களின் அலமாரியிலேயே ஒன்பது வருஷம் தவறான சீட்டோடு இருக்க முடியுமென்றால், மாட்டுக் கொட்டகைக் கதவடியில் ஒன்று இருக்க முடியாதா?

ஷெர்கோட்டியின் பெரும்பகுதி கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. விண்வெளித் துறையின் கீழ் அகமதாபாத்தில், விக்ரம் சாராபாய் 1947-இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடம் விண்கற்களை ஆராய்கிறது. 2013-இல் மங்கள்யானைச் செவ்வாய்க்கு அனுப்பிய நாடு நம்முடையது. பல்லாயிரம் விண்கற்களில் சில நூறுதான் செவ்வாய்க் கற்கள். நைஜரில் கிடைத்த 24 கிலோ துண்டு ஒன்று 2025-இல் நியூயார்க் ஏலத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அரசு நிறுவனம் பதில் போடவில்லை என்றால் தரகன் பதில் போடுவான். கிராமத்திலிருந்து வரும் கடிதத்துக்கு "இல்லை, இந்தக் காரணத்தால் இல்லை" என்று இரண்டு வரி எழுதினால்கூட அந்த ஊர் தரகன் கையில் சிக்காது.

எங்கள் கல்லின் முடிவு ஆறு வாரம் கழித்து வந்தது. துண்டைத் தலைமுடியைவிட மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்த வெள்ளைக் குச்சிகள் பெல்ஸ்பார்தான். ஆனால் அவை முழுப் படிகமாக, அடி எதுவும் படாமல் இருந்தன. கண்ணாடியாகவில்லை. வெளித்தோலும், விண்கல்லுக்கு வருவதுபோல் காற்றில் எரிந்ததால் வந்ததில்லை, வெயிலும் மழையும் கைகளும் பட்டு வந்தது. கல் டோலரைட், அதாவது நிலத்துக்கடியில் பாறைக்குழம்பு உறைந்து உண்டான கருங்கல். சித்தூர், குப்பம் பக்கம் வெட்டி எடுக்கிற கருங்கல்லின் உறவு. அவர்கள் அதைப் படத்தோடு, பொறுமையாக விளக்கியிருந்தார்கள். யார் எழுதினார்களோ, அவர்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இதுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இந்தப் பக்கத்து டோலரைட் பாறைகளுக்கு இருநூறு கோடி ஆண்டுக்கு மேல் என்றேன். செவ்வாயிலிருந்து வந்த ஷெர்கோட்டியைவிடப் பத்து மடங்கு மூத்தது. "நைனா தப்பா சொல்லிட்டாரு, ஆனா சின்னக் கல்லுன்னு சொல்லல" என்று எடுத்துக்கொண்டு போனார்.

பையன் இப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் ஒரு பக்கக் கடிதத்தின் நகலைப் பள்ளிப் பலகையில் ஒட்டிவைத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கல் கொண்டுவந்தார்கள். ஒன்று பட்டறைக் கசடு, அவனே சொல்லிவிட்டான். இன்னொன்று சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்தது, உடைந்த விளிம்பில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருந்தோல் இருக்கிறது. கழுவாமல், காந்தம் படாமல், புது அலுமினியத் தாளில் சுற்றிப் பள்ளி பீரோவில் வைத்திருக்கிறோம். போன திங்கட்கிழமை கடிதம் போயிருக்கிறது.

நன்றி, வணக்கம்.