ஆச்சி ஏன் இன்னும் ரோட்டைக் கடக்கவில்லை?

[காட்சி: காரைக்குடி, காலை 8 மணி. பெரிய ரோடு ஒன்றின் முக்கில் வயர் கூடையோடு ஓர் ஆச்சி. ஒரு காலைக் கீழே வைக்கிறார், எடுக்கிறார்.]

குரல்: ஆச்சியின் காலைப் பாருங்கள். மூன்றாவது முறையாக ரோட்டில் வைத்துவிட்டு எடுக்கிறார். நேரே வருகிற பஸ் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். அவர் பயப்படுவது இடது பக்கத்து முக்குக்கு. அங்கே வண்டிகள் வேகம் குறையாமலே திரும்புகின்றன.

நம் நாட்டில் சிக்னல் நேரத்தைக் கணக்கிடும்போது, நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்கிறார்கள். 12 மீட்டர் ரோட்டுக்கு 10 விநாடி. மூட்டுவலியோடு 0.8 மீட்டர்தான் நடக்க முடிகிற ஆச்சிக்கு 15 விநாடி ஆகும். அந்தக் கூடுதல் 5 விநாடியில், 40 கிலோமீட்டர் வேக பைக் 55 மீட்டர் வந்துவிடும்!

[வரைபடம்: அகலமாக வளைந்த முக்கு. அதன்மேல் ஆச்சி நடக்கும் பாதை, சிவப்புக் கோடாக.]

குரல்: லாரியும் பஸ்ஸும் சிரமமில்லாமல் திரும்பட்டும் என்று முக்கை அகலமாக வளைத்துவிடுகிறோம். அப்புறம் காருக்கும் பைக்குக்கும் பிரேக் தேவைப்படுவதில்லை. ஆச்சி கடக்க வேண்டிய தூரமும் கூடிவிடுகிறது, சிவப்புக் கோட்டின் நீளத்தைப் பாருங்கள்.

[காட்சி: கானாடுகாத்தான். பழைய வீடுகள், நேரான தெருக்கள்.]

குரல்: இங்கே தெருக்கள் வெட்டினாற்போலச் சந்திக்கின்றன. மதில் மறைப்பதால் எதிரே வருவது தெரியாது, அது ஒரு குறைதான். ஆனால் திரும்புகிற வண்டி ஊர்ந்துதான் வந்தாக வேண்டும். எனக்கு இந்த முக்குகள் மிகவும் பிடிக்கும்.

பெரிய ரோட்டிலும் இதைச் செய்யலாம். வளைவின் உள்பக்கம் பெயிண்ட் அடித்து, ஒளிரும் கம்பங்கள் நட்டாலே முக்கு இறுகிவிடும். நடப்பவர் கடக்கிற வரிக்கோட்டை (ஜீப்ரா கிராசிங்) வேகத்தடை போல மேடாக்கினால் இன்னும் நல்லது. முக்கை ஒட்டி வண்டி நிறுத்தவும் விடக்கூடாது, நிறுத்திய வண்டிக்குப் பின்னால் நிற்கிற குழந்தை, திரும்பி வருகிற ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அவர்களில் யாரும் வேகமாக வண்டி ஓட்டிச் சாகவில்லை.

[காட்சி: பைக்காரர் ஒருவர் கோட்டுக்கு முன்பே நிற்கிறார். ஆச்சி நடக்கத் தொடங்குகிறார்.]

குரல்: உங்கள் தெரு முக்கில் பெரியவர் ஒருவர் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். போட்டோவும் எடுத்து, அந்தக் கணக்கோடு திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.